விரல் படாமல் வனைந்த உடல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பெருமாளுக்கு மாலை கட்டிக்கொடுத்த பெரியாழ்வார், கண்ணன் பிறந்த கொண்டாட்டத்தைப் பாடி முடித்த கையோடு அடுத்த பதிகத்துக்குப் போகிறார். அங்கே யசோதையாகவே நின்று ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டு, பிள்ளையின் உடம்பை ஒவ்வோர் உறுப்பாகக் காட்டுகிறார். பாதத்தில் தொடங்கி விரல், கணைக்கால், முழந்தாள், கொப்பூழ், வயிறு, மார்பு, தோள் என்று ஏறி, கண்ணும் புருவமும் நெற்றியும் தாண்டித் தலைமுடியில் போய் நிற்கிறார். இருபதுக்கும் மேற்பட்ட பாட்டுகள். பிரசவ அறை வாசலில் பேரப்பிள்ளையைக் கையில் வாங்குகிற பாட்டிமாரும் இதைத்தான் செய்கிறார்கள். துணியை விலக்கிக் கால்விரல்களை எண்ணுகிறார்கள், முதுகைத் தடவிப் பார்க்கிறார்கள், உச்சந்தலையில் மெல்லக் கை வைக்கிறார்கள்.

பிள்ளை முழுதாக வந்து சேர்ந்ததைக் கண்டு மனம் நிறைகிற அந்த நேரத்தில், அந்த முழுமை எந்தெந்த இடத்தில் தவறிப்போயிருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. மாணிக்கவாசகர் நினைத்தார். போற்றித் திருவகவலில், கரு ஒவ்வொரு மாதமும் எந்தெந்த இடருக்குத் தப்பி வருகிறது என்று மாதக் கணக்காகவே சொல்கிறார். இன்று கருவியல் படிப்பவர்கள் அதே கணக்கை நாள் கணக்காகப் போடுகிறார்கள். மூன்றாம் வாரத் தொடக்கத்தில் மனிதக் கரு என்பது ஒரு மில்லிமீட்டரும் இல்லாத தட்டையான செல் படலம். அதற்கு முதுகு இல்லை, வயிறு இல்லை, தலையும் இல்லை. அடுத்த இரண்டு வாரத்துக்குள் அந்தப் படலம் உள்வாங்கி, மடிந்து, குழலாகி, ஒரு முனையில் மூளைக்கு இடம் விட்டு, நடுவில் துடிக்கும் இதயத்தை வைத்துக்கொள்கிறது.

மடித்தது யார்? பக்தி உள்ளவர்களுக்கு இதற்கு ஒரே பதில்தான், என் பதிலும் அதுதான். ஆனால் எப்படி மடித்தான் என்று கேட்பதும் வழிபாட்டில் சேர்ந்ததுதான் என்பது என் நம்பிக்கை. அந்த ‘எப்படி’க்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட பதில் ஜீன். ஜீன்தான் கட்டளையிடுகிறது என்பதில் சந்தேகமில்லை. என்றாலும், எந்தச் செல் எந்தப் புரதத்தை எப்போது செய்ய வேண்டும் என்பதுதான் அந்தக் கட்டளையில் இருக்கிறது. குடல் இத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும், மூளையின் மடிப்பு இந்த இடத்தில் விழ வேண்டும் என்று எழுதிவைத்த ஜீன் எதுவும் இல்லை. அந்த வேலையை முடிப்பவை இழுப்பும் தள்ளலும், இறுக்கமும் தளர்வும். கல்லுக்கும் மழைநீருக்கும் உள்ள அதே விசைகள் கருவறைக்குள்ளும் வேலை செய்கின்றன.

இதை முதலில் துணிந்து சொன்னவர்களில் ஒருவர் ஜெர்மானிய உடற்கூறியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ். 1874-இல் வந்த தம் நூலில், கருவின் மடிப்புகளை ரப்பர்க் குழாய் வளைவதோடு ஒப்பிட்டு விளக்கினார். அன்றைய பெரிய பெயரான எர்ன்ஸ்ட் ஹெக்கல் அதைக் கேலி செய்தார். 1947-இல் அமெரிக்காவில் வாரன் லூயிஸ் பித்தளைப் பட்டைகளையும் ரப்பர் பட்டைகளையும் கோத்து, ஒரு பக்கம் மட்டும் இழுவிசை கூடினால் ஒரு தட்டையான அடுக்கு எப்படித் தானாக வளையும் என்று செய்து காட்டினார். இடையில் 1917-இல் டார்சி தாம்ஸன் உயிர்களின் வடிவத்தைக் கணிதத்தால் பார்க்கும் பெரும் நூலை எழுதிவிட்டார். ஆனாலும் ஜீன்களின் காலம் வந்த பிறகு இந்தப் பேச்சு ஒதுங்கியே இருந்தது.

அதைத் திரும்ப நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களில் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த எல். மகாதேவனும் ஒருவர். 1986-இல் அங்கே பொறியியல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர், ஹார்வர்டில் கணிதப் பேராசிரியர். துணியின் மடிப்பு, பூ விரிவது, தோலின் சுருக்கம் என்று கண்ணெதிரே கிடக்கும் பொருள்களில் கணிதம் தேடுகிறவர். கிளிஃப் டாபின் என்ற கருவியலாளரின் குழுவோடு சேர்ந்து, குடல் ஏன் சுருள்கிறது என்பதை 2011-இல் விளக்கினார்.

நம் சிறுகுடல் சுமார் ஆறு மீட்டர் நீளம். ஒரு சாண் வயிற்றுக்குள் அது குவிந்து கிடக்கவில்லை. ஒரே அளவான வளைவுகளாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கிறது. ஓர் இனத்தைச் சேர்ந்த எந்த உயிரை எடுத்தாலும் அந்த வளைவுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி. குடலை முதுகுப்புறச் சுவரோடு பிணைக்கும் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. கோழிக்கருவில் அந்தச் சவ்வைக் குடலிலிருந்து அறுத்துப் பிரித்தபோது, குடல் நேரே நிமிர்ந்து நீண்டது, சவ்வோ சுருங்கிக்கொண்டது. அப்படியானால் சவ்வு இழுபட்ட நிலையில் இருந்திருக்கிறது, குடல் நெருக்குண்டு இருந்திருக்கிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு வளரும்போது குடல் வேகமாக நீள்கிறது, சவ்வு மெதுவாக வளர்கிறது. வேறு வழியில்லாமல் குடல் வளைகிறது.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். அங்கே தறியில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. நீளும் வகைப் பேண்டேஜில் ரப்பர் இழையை இழுத்துப் பிடித்தபடியே பருத்தி நூலோடு சேர்த்து நெய்கிறார்கள். இழுப்பை விட்டதும் ரப்பர் தன் நீளத்துக்குத் திரும்புகிறது, துணி முழுக்க ஒரே அளவில் சுருக்கம் விழுகிறது. ஹார்வர்டிலும் ஏறக்குறைய இதையே செய்தார்கள். ரப்பர்த் தகட்டை இழுத்துப் பிடித்து, அதன் ஓரத்தில் ஒரு ரப்பர்க் குழாயைத் தைத்து, பிடியை விட்டார்கள். குழாய் குடலைப் போலவே வளைந்தது. பிறகு கோழி, காடை, சிறு குருவி, சுண்டெலி ஆகியவற்றின் கருவில் குடலின் தடிமனையும் சவ்வின் இழுவையையும் அளந்து, எத்தனை வளைவு, எவ்வளவு பெரிய வளைவு என்று கணக்குப் போட்டார்கள். கணக்கும் கருவும் ஒத்துப்போயின.

இந்த ஆராய்ச்சியில் என்னை நெகிழ வைப்பது அதன் சிக்கனம். ஒவ்வொரு வளைவுக்கும் தனிக் கட்டளை தேவைப்படவில்லை. இரண்டு திசுக்களின் வளர்ச்சி வேகத்தில் ஒரு வித்தியாசம் வைத்தாயிற்று. மிச்சத்தை விசை பார்த்துக்கொள்கிறது.

கோழி முட்டையில் ஓட்டைத் திறந்து பார்க்கலாம். மனிதக் கருவில்? மூன்றாம் வாரத்தில் தனக்குள் உயிர் இருக்கிறது என்று அந்தத் தாய்க்கே தெரியாது. ஆய்வகத்தில் முழு மனிதக் கருவை 14 நாளுக்கு மேலோ, முதுகுக் கோடு தோன்றிய பிறகோ வளர்க்கக் கூடாது என்பது உலகில் பல நாடுகள் ஏற்ற எல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளும் அதையே சொல்கின்றன. அந்த எல்லை சரியானது என்றே நினைக்கிறேன். மறைத்து வைக்கப்பட்டதைப் பார்க்கும் ஆசைக்கு ஒரு வரம்பு வேண்டும்.

அதனால்தான் ஆய்வகத்தில் வளர்க்கப்படும் திசு மாதிரிகள் இவ்வளவு முக்கியம் பெற்றன. வளர்ந்த செல்லை மறுபடியும் எதுவாகவும் ஆகக்கூடிய பழைய நிலைக்குத் திருப்ப முடியும் என்று ஷின்யா யமனாகா 2006-இல் எலியிலும், அடுத்த ஆண்டே மனிதத் தோல் செல்லிலும் காட்டினார். அத்தகைய குருத்தணுக்களை ஒரு கண்ணாடித் தட்டில், தாம் விரும்பிய அளவு வட்டத்துக்குள் மட்டும் ஒட்டி வளரும்படி செய்கிறார்கள். இது கரு அல்ல. இதற்கு நஞ்சுக்கொடி கிடையாது, பிள்ளையாக வளரவும் முடியாது. ஆனால் கருவில் ஒரே ஒரு மூலையில் நடக்கும் ஒரே ஒரு நிகழ்ச்சியை, கண்ணுக்கு முன்னால், நிமிடத்துக்கு நிமிடம் படம் பிடிக்க முடிகிறது.

கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் எயால் கார்ஸ்ப்ரன் குழு 2021-இல் நரம்புக்குழலை அப்படி மடியச் செய்தது. நரம்புக்குழல்தான் பின்னால் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போவது. வட்டத்தில் பரவிய மனித செல்களின் மேல் ஜெல்லை ஊற்றி, பிறகு கருவில் இயல்பாகச் சுரக்கும் ஒரு புரதத்தைச் சேர்த்தார்கள். வட்டத்தின் ஓரத்துச் செல்கள் தோலாகும் வழியில் போயின. நடுவில் இருந்தவை நரம்பாகும் வழியில் போயின. சில நாட்களில் அந்தப் படலம் தானாகவே எழும்பி, மடிந்து, தோல் மேலே மூட, நரம்புக்குழலாக உள்ளே அடங்கியது. வட்டத்தின் அளவை மாற்றியபோது குழலின் வடிவமும் மாறியது. அதே செல், அதே ஜீன், அதே புரதம். எவ்வளவு இடத்தில் வளர்ந்தது என்பது மட்டுமே வேறு.

அந்த மடிப்புக்குப் பின்னால் இருப்பது ஒவ்வொரு செல்லின் மேல் விளிம்பிலும் ஓடும் ஆக்டின் என்ற நுண்ணிழை. மயோசின் என்ற புரதம் அந்த இழையைப் பற்றி இழுக்கிறது. இழுத்ததும் செல்லின் மேற்பக்கம் குறுகி, அடிப்பக்கம் அகன்றபடியே நிற்கிறது. பக்கத்தில் பக்கமாக நிற்கும் செல்கள் எல்லாம் இப்படி ஆனால் படலம் உள்நோக்கி வளைந்தாக வேண்டும். தேர்வடம் பிடிக்கிறவரின் தோளிலும் முன்கையிலும் சுருங்கி விரிவதும் இதே மயோசின் குடும்பம்தான். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் பெரிய தேரை நகர்த்தும் புரதமும், கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை மடித்து மூளைக்கு வீடு கட்டும் புரதமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று அறிந்த நாளிலிருந்து, வடம் பிடிக்கும் கைகளை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கருத்தரித்த 28-ஆம் நாள் வாக்கில் நரம்புக்குழல் மூடி முடிந்துவிடும். நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும்போது அந்த வேலை முடிந்தே போயிருக்கும். மேல்முனை மூடாமல் போனால் மூளை உருவாகாது, குழந்தை பிழைக்காது. கீழே திறந்து நின்றால் முதுகுத்தண்டு பிளவோடு குழந்தை பிறக்கும். ஒரு முறை இப்படிப்பட்ட கரு உண்டான தாய்மாருக்கு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்தால், மறுபடி அப்படி நேர்வது 72 சதவீதம் குறைகிறது என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 1991-இல் உறுதிசெய்தது. மற்றப் பெண்களுக்கு நாளுக்கு 400 மைக்ரோகிராம் போதும். ஆனால் அதைக் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். வளைகாப்புக்கு நாள் பார்க்கிற வீடுகள் இதற்கும் நாள் பார்க்க வேண்டும். வலிப்பு நோய்க்குத் தரும் வால்ப்ரோயேட் மருந்தும் இந்தப் பிளவு நேரும் வாய்ப்பைக் கூட்டுவது. அது எந்த இடத்தில் மடிப்பைக் கெடுக்கிறது என்பதைத் தேட இப்போது ஆய்வகக் குழல்கள் பயன்படுகின்றன. அந்தச் சோதனைக்கு ஒரு பிள்ளையையும் பணயம் வைக்க வேண்டியதில்லை.

இழுப்பைப் போலவே, தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தின் மென்மையும் செல்லுக்கு ஒரு செய்தி. 2006-இல் பென்சில்வேனியாவில் ஆடம் எங்லர், டென்னிஸ் டிஸ்சர் ஆகியோர் எலும்பு மஜ்ஜையின் குருத்தணுக்களை வெவ்வேறு கெட்டித்தன்மை உள்ள ஜெல்களின் மேல் வளர்த்தார்கள். இப்போது மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருக்கும் ஷமிக் சென்னும் அந்தக் குழுவில் இருந்தார். மூளையின் மென்மை கொண்ட, 1 கிலோபாஸ்கலுக்கும் குறைவான ஜெல்லில் செல்கள் நரம்புச் செல்லின் சாயலில் கிளை விட்டன. தசையைப் போன்ற 8 முதல் 17 கிலோபாஸ்கலில் தசையின் அடையாளங்கள் தோன்றின. 25-க்கு மேல் போனால் எலும்பின் வழி. ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் தன் அடியில் தரும் அழுத்தம் சுமார் 100 பாஸ்கல். அந்த அளவில் ஏற்படும் வித்தியாசத்தைக்கூடச் செல் அறிகிறது.

நம் ஊர் நாயிடமும் இந்தக் கதையின் ஒரு கிளை இருக்கிறது. 2005-இல் அஞ்சல்துறை இராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. பால்வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு. அந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதை வளர்ப்பவர்கள் அறிவார்கள். தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் செல்கள் அந்தந்த இடத்திலேயே பிறப்பவை அல்ல. நரம்புக்குழல் மூடும் விளிம்பில் பிறந்து, அங்கிருந்து புறப்பட்டு உடல் முழுதும் நடந்தே போகின்றன. முகத்தின் எலும்புகளில் பெரும்பகுதியும் அதே விளிம்பில் பிறந்த செல்கள்தான். நிறச் செல்கள் உட்செவிக்கும் போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் அங்கே கேட்கும் செல்கள் பிழைப்பதில்லை. வெள்ளை நாய்களில் நிறமும் செவியும் சேர்ந்தே குறைவதற்கு இதுதான் பொதுவான காரணம். அதற்கு மூலம் ஜீன்தான். ஆனால் அந்தச் செல்கள் எப்போது புறப்படுகின்றன என்ற கேள்விக்கு, லண்டனில் ராபர்டோ மேயர் குழு 2018-இல் தவளைக் கருவில் ஒரு பதிலைக் கண்டது. தலைப்பகுதியில் அந்தச் செல்கள் கீழே உள்ள திசு போதுமான அளவு கெட்டியாகும்வரை காத்திருக்கின்றன. கெட்டியானதும் கூட்டமாகப் புறப்படுகின்றன. கெட்டியாகாமல் தடுத்தால் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. நேரத்துக்கு முன்பே கெட்டியாக்கினால் முன்பே கிளம்பிவிடுகின்றன.

மூளையின் மடிப்புக்கு வருகிறேன். ஐந்தாம் மாதத்தில்கூட மனிதக் கருவின் மூளைப் பரப்பு பெரும்பாலும் வழவழவென்றே இருக்கிறது. அதற்குப் பிறகே பள்ளமும் மேடும் விழுகின்றன. மகாதேவன் குழு 2016-இல் 22 வாரக் கருவின் மூளைப் படத்தை வைத்து ஜெல்லில் ஒரு மூளை வார்த்து, அதன் மேல் இன்னொரு ஜெல் அடுக்கைப் பூசி, ஒரு கரைப்பானில் அமிழ்த்தியது. மேலடுக்கு ஊறி உப்பியது, உள்ளே உள்ளது அப்படியே நின்றது. சில நிமிடங்களில் மடிப்புகள் விழுந்தன. மனித மூளையின் பெரிய பள்ளங்களின் இடமும் திசையும் அதில் தெரிந்தன. உயிரற்ற ஜெல்! அதற்கு என்ன தெரியும், எந்தப் பள்ளம் எங்கே விழ வேண்டும் என்று?

அதன் பின் உயிருள்ள திசுவிலும் பார்த்தார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஓர்லி ரைனரும், அப்போது அங்கிருந்த கார்ஸ்ப்ரனும் மனிதக் குருத்தணுவிலிருந்து சிறு மூளைத் திசுக்களை மெல்லிய அறைகளில் வளர்த்து, அவற்றில் சுருக்கம் விழுவதை 2018-இல் பதிவு செய்தார்கள். வெளிப்பக்கம் வேகமாக வளர்கிறது, உள்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. லிஸ்1 என்ற ஜீனில் பழுது உள்ள குழந்தைகளுக்கு மூளை மடிப்பில்லாமல் வழவழப்பாக இருக்கும். அதே பழுதுள்ள செல்களில் வளர்த்த திசுவில் சுருக்கம் குறைந்தது. அந்தச் செல்களும் வழக்கத்தைவிட மென்மையாக இருந்தன. ஜீன் செல்லின் இறுக்கத்தை மாற்றுகிறது, இறுக்கம் வடிவத்தை மாற்றுகிறது.

இந்த மாதிரிகள் சொல்வது உண்மைதானா என்று ஒப்பிட உண்மையான கருமூளையின் படம் வேண்டும். அது சென்னையில் கிடைக்கிறது. ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 14 முதல் 24 வாரம் வரையிலான ஐந்து கருமூளைகளை 5,132 மெல்லிய சீவல்களாகச் செல் அளவில் படமெடுத்து, முப்பரிமாண வரைபடமாக்கி, ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவைத்தது. அந்தப் படங்களைப் பார்க்கும்போது, ஒவ்வொன்றும் பிறவாமல் போன ஒரு பிள்ளையிடமிருந்து வந்தது என்பதையும், அந்தத் துயரத்தின் நடுவே சம்மதம் கொடுத்த பெற்றோரையும் நினைத்துக் கைகூப்பத் தோன்றுகிறது.

ஆய்வகத் திசுவின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 2013-இல் முதன்முதலாக வளர்க்கப்பட்ட மூளைத் திசு உருண்டைகள் நான்கு மில்லிமீட்டர் அளவில் நின்றுபோயின. ரத்தக் குழாய் இல்லாததால் அதற்கு மேல் உள்ளே உணவும் மூச்சும் எட்டுவதில்லை, நடுப்பகுதி இறந்துவிடுகிறது. ரத்த ஓட்டத்தின் இழுவையே கூட ஒரு சிற்பி என்பது இன்னொரு பெரிய கதை. வரிக்குதிரை மீனின் கருவில் ஓட்டத்தை அடைத்தபோது இதயத்தின் அறைகளும் வால்வுகளும் சரியாக உருவாகாததை 2003-இல் கண்டார்கள்.

கடைசியாகப் பிள்ளை தானே கொடுக்கும் விசை. டேனியல் ட்ராக்மன், ஆல்ஃபிரட் குலோம்பர் இருவரும் 1962-இல் கோழிக்கருவை க்யுராரே என்ற மருந்தால் அசையவிடாமல் வைத்தார்கள். இதயம் துடித்தது, உடல் வளர்ந்தது. ஆனால் குஞ்சின் மூட்டுகள் இறுகிப்போயின, பாதம் வளைந்தது. மூட்டின் இரு எலும்புகளுக்கு நடுவே இடைவெளி திறந்து நிற்க வேண்டுமானால், அந்த மூட்டு அசைந்துகொண்டே இருக்க வேண்டும். மனிதரிலும் கருவறையில் அசைவு குறைந்த குழந்தைகள் மடங்கிய மூட்டுகளோடு பிறக்கின்றன. ஸ்கேனில் கருவின் முதல் அசைவு ஏழு, எட்டு வாரத்திலேயே தெரிகிறது. வயிற்றுக்குள் பிள்ளை துள்ளுவதைத் தாய் உணர்வது ஐந்தாம் மாதத்தில். அவள் அதை உணர்ந்து வீட்டாரிடம் சொல்வதற்கு இரண்டு மாதத்துக்கும் முன்பிருந்தே, பின்னாளில் ஓடப்போகும் முழங்காலை அந்தப் பிள்ளை உதைத்து உதைத்து உருவாக்கிக்கொண்டிருக்கிறது.